‘அங்கிள், இது பொழைச்சிடுமா?’

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிற நாட்களில்தான் நம் வீட்டைச் சுற்றி வாழும் பறவைகள் பலவும் குஞ்சு இறக்குகின்றன. காக்கை, மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி எல்லாவற்றுக்கும் கோடைதான் பிள்ளைப்பேறு காலம். பெரியவர்கள் வெயிலுக்குப் பயந்து மின்விசிறிக்கு அடியில் கிடக்கிற மத்தியானத்தில் தெருவில் இருப்பவர்கள் இரண்டே தரப்பு: விடுமுறை விட்ட பிள்ளைகள், சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சுகள். இவர்கள் சந்திக்காமல் எப்படி இருக்க முடியும்?

கிரிக்கெட் பந்து போய் விழுந்த செடிக்குள் கையை விடுகிறான் ஒருவன். பந்து கிடைக்கவில்லை. வெதுவெதுப்பாக, படபடவென்று அடித்துக்கொள்கிற ஒன்று அகப்படுகிறது. ஆட்டம் அத்தோடு சரி. அடுத்த கால் மணி நேரத்தில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். யாரோ செருப்புப் பெட்டி கொண்டுவருவார்கள். இன்னொரு வீட்டிலிருந்து சோறு வரும். ஒரு கிண்ணத்தில் பால் வரும். மருந்து டப்பாவிலிருந்து சொட்டுக்குழாய் வரும். பறவைக்குப் பெயர்கூட வைத்தாகிவிடும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற பாட்டி, “பாவம், தொண்டை காஞ்சு கெடக்கும், ஒரு வாய் தண்ணி ஊத்துடா” என்பார்.

அந்த ஒரு வாய்த் தண்ணீரில்தான் பல பறவைகள் போய்ச் சேருகின்றன.

சாகக் கிடக்கிறவர் வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். பறவை விஷயத்தில் அந்த வரிசை மாறிவிடுகிறது. பால் ஊற்றுகிறோம், அதனால் சாகிறது. காரணம் அதன் வாய்க்குள்ளேயே இருக்கிறது. பறவையின் அலகை மெல்லத் திறந்து பார்த்தால் நாக்கின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் மூச்சுக்கு மூச்சு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். விழுங்கும்போது நம் மூச்சுக்குழாயை மறைக்கிற மூடி பறவைக்குக் கிடையாது. தெம்பாக இருக்கிற பறவை தானே குடித்தால் ஒன்றும் ஆகாது. அரை மயக்கத்தில் தலை தொங்குகிற பறவையின் அலகைப் பிளந்து நாம் சொட்டுவது நேராக நுரையீரலுக்குத்தான் போகும். போதாததற்கு, பாலைச் செரிக்கிற ஏற்பாடே பறவை வயிற்றில் இல்லை. பாலூட்டிகளின் சரக்கு அது. முட்டையிலிருந்து வந்ததற்கு எதற்கு?

தண்ணீருக்கு அடுத்த ஆபத்து அன்பு. குறிப்பாக, இறுக்கிப் பிடிக்கிற அன்பு. நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் இருக்கிறது. அது ஏறி இறங்குவதில் மூச்சு நடக்கிறது. பறவைக்கு அப்படி ஒரு திரை இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். பறந்துவிடக் கூடாதே என்று ஒரு குழந்தை உள்ளங்கையை மூடி அழுத்தினால் அலகும் மூக்கும் திறந்திருந்தும் பறவை மூச்சுத் திணறிப் போகும். கட்டுப் போடுகிறேன் என்று ரிப்பனால் உடம்பைச் சுற்றி இறுக்குவதும் இதே கணக்குதான்.

“அங்கிள், ஜுரம் அடிக்குது, தொட்டுப் பாருங்க” என்று ஒரு பையன் பதறியதைக் கேட்டிருக்கிறேன். ஜுரம் இல்லை. பறவைகளின் சாதாரண உடம்புச் சூடே 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கவலைப்பட வேண்டியது சூடாக இருக்கிற பறவையைப் பார்த்து அல்ல. சில்லிட்டுப் போய், இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற பறவையைப் பார்த்துத்தான். காட்டுயிர்கள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். நோஞ்சான் என்று தெரிந்தால் வைரி வந்து தூக்கிவிடும், காக்கை சூழ்ந்துகொள்ளும். அதனால் கடைசி நேரம் வரை நன்றாக இருப்பதுபோலவே காட்டிக்கொள்ளும். மறைக்கத் தெம்பில்லாத நிலையில்தான் அது பிள்ளைகள் கையில் சிக்குகிறது.

அடிபட்டதா, நடை பழகுகிறதா?

எடுத்து வரப்படுகிற குஞ்சுகளில் பலவற்றுக்கு எந்தக் காயமும் இருக்காது என்பது இந்த விஷயத்தின் வேடிக்கையான பக்கம். இறகு முளைத்த குஞ்சு கூட்டைவிட்டு இறங்கினால் அன்றே வானத்தில் ஏறிவிடுவதில்லை. கட்டைவால், பிய்ந்த பஞ்சுபோல் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இளமயிர், வாயோரத்தில் மஞ்சள் தடிப்பு என்று சில நாட்கள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் திரியும். பெற்றவை இரண்டும் பக்கத்து மதிலிலோ மின்கம்பியிலோ இருந்துகொண்டு இரை கொடுத்தபடியே இருக்கும். அது பறவைகளின் நடைவண்டிக் காலம். நாம் அதை அநாதை என்று முடிவுகட்டி, பெட்டிக்குள் வைத்து, நிஜமாகவே அநாதையாக்கிவிடுகிறோம்.

சித்திரை, வைகாசியில் திடீரென்று ஒரு தெருவில் காக்கை எல்லோர் தலையிலும் கொத்தத் தொடங்கும். பரிகாரம் தேடி ஜோசியரிடம் போகிறவர்கள் உண்டு. முதலில் குனிந்து, நிற்கிற ஸ்கூட்டர்களுக்கு அடியில் பார்த்தால் போதும். அங்கே ஒரு காக்கைக் குஞ்சு உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இறகே முளைக்காத, கண் திறக்காத குஞ்சு என்றால் கதை வேறு. கூடு எட்டுகிற உயரத்தில் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தலைமுறை தலைமுறையாக நாம் நம்பி வருகிற பொய். வாயைப் பிளந்து கத்துகிற குஞ்சுதான் தாய்க்கு முக்கியம். நம் கை வாடையை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைக்கிற வழக்கம் அவற்றிடம் இல்லை. கூடே கலைந்துபோயிருந்தால் ஓட்டை போட்ட ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி, அதே மரத்தில் கட்டிவிட்டு, தள்ளி நின்று பார்க்கலாம். தள்ளி என்றால் நிஜமாகவே தள்ளி. பத்துப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் எந்தத் தாய் வரும்?

வீட்டில் வைத்து வளர்க்கிறேன் என்கிறவர்களுக்கு ஒரு தகவல். சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான். ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சி. விடிந்ததிலிருந்து அடைகிற வரை, சில நிமிடத்துக்கு ஒரு தடவை. புறாவோ பூச்சியும் ஊட்டாது, நெல்லும் ஊட்டாது. தன் கழுத்துப்பையில் சுரக்கிற கெட்டித் தயிர் போன்ற ஒன்றைத்தான் முதல் நாட்களில் குஞ்சுக்குக் கொடுக்கும். சோற்றுப் பருக்கையையும் ஊறவைத்த ரொட்டியையும் தின்று வளர்கிற குஞ்சுக்கு வயிறு நிறையும், எலும்பு நிற்காது. பார்க்கக் கொழுகொழுவென்று இருந்த மைனாக் குஞ்சு ஒரு நாள் காலை ஊன்ற முடியாமல் சாய்ந்து கிடப்பது இதனால்தான்.

வாசலுக்கு வந்த கூகை

எங்கள் குடியிருப்பில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தலைமையில் ஒரு படை என் கதவைத் தட்டியது. ஜெனரேட்டருக்குப் பின்னால் ‘ஏதோ ஒண்ணு’ உட்கார்ந்திருக்கிறதாம், காக்காயெல்லாம் சேர்ந்து கத்துகிறதாம். போய்ப் பார்த்தேன். கூகை. சென்னைவாசிகளுக்கு அது அந்நியம் இல்லை. பழைய கட்டடத்தின் பரண், மாடி இடுக்கு, ஏசி பெட்டிக்குப் பின்னால் உள்ள சந்து என்று எங்கேயும் குடித்தனம் நடத்தும். பகலில் வெளியே தெரிந்துவிட்டால் தொலைந்தது, காக்கைக் கூட்டம் விடாது. இடுக்கில் ஒண்டியிருந்த அது எங்களைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தி, சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாகச் சீறியது. படை இரண்டடி பின்வாங்கியது.

“கூகை சார். வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போவாதீங்க, ஆகாது” என்றார் காவலாளித் தாத்தா.

“அதுக்குத்தானே தாத்தா அடிபட்டிருக்கு? நமக்கு என்ன ஆகாது?” என்றாள் தலைவி.

பழைய துண்டு ஒன்றைத் தலையோடு சேர்த்துப் போர்த்தியதும் அது அடங்கிவிட்டது. இருட்டாகிவிட்டால் பறவைக்குப் பாதி பயம் போய்விடும். இரைவாரிப் பறவைகளில் பயப்பட வேண்டியது அலகுக்கு அல்ல, காலுக்கு. கூகையின் நகம் உள்ளங்கையில் இறங்கினால் பிடியை விடுவிப்பது கஷ்டம். நடுவிரல் நகத்தின் உள்விளிம்பில் சீப்புப் பல்லைப் போல வரிவரியாக வெட்டு இருப்பதை அன்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். இறகு கோத அதற்கு இறைவன் கொடுத்த சீப்பு. கொக்கு, மடையான், வக்கா வகையறாவிடம் விதி தலைகீழ். அவை அமைதியாக இருப்பதுபோல் இருந்து, சட்டென்று கழுத்தை நீட்டிக் கண்ணைக் குறிவைத்துக் குத்தும். அவற்றைப் பிள்ளைகள் எடுக்கவே கூடாது.

அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை, அடியில் வழுக்காத துணி, மேலே மூடி. சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, பாட்டு இல்லை, செல்ஃபி இல்லை. சந்தடி இல்லாத அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். முதல் உதவியின் முக்கால் பங்கு இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கொடுக்க முடியாது. ‘திறக்காதே’ என்று எழுதிப் பெட்டி மேல் ஒட்டியவளையே பெட்டிப் பக்கத்திலிருந்து விரட்ட வேண்டியிருந்தது.

அதற்கு எலும்பு முறிவு இல்லை. காக்கைகள் துரத்தியதில் எங்கோ மோதி மிரண்டிருந்தது. நன்றாக இருட்டிய பிறகு மொட்டை மாடியில் பெட்டியைத் திறந்துவைத்தோம். விளிம்பில் ஏறி நின்றது. சத்தமே இல்லாமல் எழும்பிப் போய்விட்டது. “திரும்பிக்கூடப் பாக்கல அங்கிள்” என்றாள் அவள், ஏகப்பட்ட மனக்குறையோடு.

திரும்பிப் பார்க்கிற பறவைதான் எனக்குக் கவலை தரும். கண் திறந்ததும் பக்கத்தில் இருப்பவரைத் தாயாக வரித்துக்கொள்கிற குணம் பல பறவைக் குஞ்சுகளுக்கு உண்டு. வாத்துக் குஞ்சுகள் தன் பின்னாலேயே வருவதை வைத்து இதை ஆராய்ந்த ஆஸ்திரியக்காரர் கொன்ராட் லாரன்ஸ் 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் தெருவில் இதற்கு நடைமுறை விளைவு ஒன்றே ஒன்று. தனியாக, கையில் வைத்துக் கொஞ்சி வளர்த்த மைனா, மனிதரைக் கண்டால் பறந்து போகாது. தோளில் வந்து உட்காரும். முதல் வீட்டில் அது செல்லம். நாலாவது தெருவில் பூனைக்கும் கல்லுக்கும் இரை.

நூலில் தொங்குகிற சாவு

குஞ்சுகளை விட்டுவிட்டு நிஜமான காயங்களுக்கு வருவோம். பூனை கடித்த பறவை வெளியே ஒரு ஊசிமுனைத் துளையோடு தெளிவாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் “ஒண்ணும் ஆகல” என்று விட்டுவிடுவார்கள். பூனையின் எச்சிலில் இருக்கிற கிருமி ஓரிரு நாளில் ரத்தத்தில் பரவிக் கொன்றுவிடும். பூனை வாய் பட்டாலே மருத்துவர்தான். அதில் யோசனை கூடாது.

கண்ணாடியில் மோதுகிறவை இன்னொரு ரகம். ஐப்பசி, கார்த்திகையில் மாடிப்படியிலோ குளியலறையிலோ ஒரு வண்ணப் பறவை பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கும். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. யாரோ வளர்த்த வெளிநாட்டுப் பறவை தப்பி வந்துவிட்டது என்று ஊரே நினைக்கும். அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. இரவில் பயணம் செய்வதால் நகர வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரில் இடித்துக்கொள்கிறது. பெட்டி, இருட்டு, சில மணி நேர அமைதி கிடைத்தால் பலவும் தானே தெளிந்துவிடும். இலைச்சருகு உள்ள தோட்டத்தில் விட்டால் போதும்.

மாஞ்சா நூலுக்கு அப்படி எளிய வைத்தியம் இல்லை. கண்ணாடித்தூள் பூசிய நைலான் நூல் சிறகின் தோலையும் தசையையும் கடந்து எலும்பு வரை அறுக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் இந்தச் செயற்கை மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னை மாநகரக் காவல் துறை அதற்கு முன்னாலிருந்தே தடை போட்டு வருகிறது; இருசக்கர வாகனத்தில் போனவர்களின் கழுத்து அறுபட்டதுதான் காரணம். தடை காகிதத்தில் இருக்கிறது, நூல் மரத்தில் இருக்கிறது. பட்டம் கிழிந்து மழையில் கரைந்து மாசக்கணக்கு ஆனாலும் நைலான் மட்கிப்போகாது. அடையப் போகிற வக்காவும் கரும்பருந்தும் இருட்டில் அதில் மாட்டித் தலைகீழாகத் தொங்கும்.

இப்படி அறுபட்ட பருந்துகளைத் தைப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட இரண்டு சகோதரர்கள் தில்லியில் இருக்கிறார்கள். நதீம் ஷெசாத், முகமது சவூத். பதின்ம வயதில் அடிபட்ட பருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பறவை மருத்துவமனைக்கு ஓடினார்கள். மாமிசம் தின்னும் பறவைக்கு இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் தசைகளைப் பற்றிக் கற்றதை வைத்துக்கொண்டு, பிற்பாடு வீட்டின் அடித்தளத்திலேயே பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். ஷௌனக் சென் 2022-ல் எடுத்த ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ ஆவணப்படம் இவர்களைப் பற்றியதுதான்; ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. அவர்களை அன்று திருப்பி அனுப்பியவர்களை விட்டுவிடுவோம். கையில் பறவையோடு வருகிற சிறுவர்களிடம் ‘இங்கே கொண்டு வராதே’ என்று சொல்லாத பெரியவர் நம் ஊரில் எத்தனை பேர்?

யார் வீட்டுப் பறவை?

1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவை அரசாங்கச் சொத்து. காயம்பட்டது என்று எடுத்து வைத்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் வனத் துறையிடமோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ சொல்லிவிட வேண்டும். பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும். ‘குஞ்சா கிடைச்சுது, காப்பாத்தினோம்’ என்று ஆரம்பித்து, பத்து வருடமாகக் கூண்டில் மிளகாய்ப்பழம் தின்றுகொண்டிருக்கிற கிளிகள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! காப்பாற்றியதுதான், மறுக்கவில்லை. காப்பாற்றிய வேலை என்றைக்கோ முடிந்துவிட்டது. இப்போது நடப்பது சிறை.

எல்லாம் பிழைப்பதும் இல்லை. மூட்டில் நொறுங்கிய சிறகு பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டினாலும் வேட்டையாடிப் பிழைக்கிற அளவுக்குப் பறக்க முடியாது. சில நேரம் மருத்துவர் ஊசி போட்டுத் துன்பத்தை முடித்துவைப்பதுதான் நியாயம். பிள்ளைகளிடம் “காட்டுல விட்டுட்டோம்” என்று பொய் சொல்கிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் பூ வைக்கிற அளவுக்கு அவர்களுக்கு மனத்தெம்பு உண்டு. பெரியவர்களுக்குத்தான் அது இல்லை. ஆனால் கொத்துக் கொத்தாகக் காக்கையோ கோழியோ செத்துக் கிடந்தால் கிட்டே விடாதீர்கள். அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கால்நடைத் துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் கேட்கிற இன்னொரு கேள்வி, “இது என்ன குருவி?” அதற்கு ‘ஏதோ குருவி’ என்று பதில் சொல்லி அனுப்பாமல் இருப்பது நல்லது. பம்பாயில் ஒரு சிறுவன் தான் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு குழம்பினான். மாமா அவனை 1908-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் அலட்சியமாக விரட்டிவிடவில்லை. அலமாரி அலமாரியாகத் திறந்து, பதப்படுத்திய பறவைகளைக் காட்டினார். பையனின் பெயர் சாலிம் அலி. காப்பாற்றியவன்கூட இல்லை, கொன்றவன். அவனுக்கே அவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் இருந்தது.

ஒரு ஊரே பதில் சொல்கிற இடம் நம்மிடம் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அங்கே குளத்து மரங்களோடு நிற்பதில்லை. தெருவோர மரத்திலும் வீட்டுப் புறக்கடையிலும் கூடு கட்டும். எச்சத்தின் வாடையும், நாள் முழுக்க அலகு அடிக்கிற சத்தமும் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். எச்சம் கலந்த வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அரசாங்கம் வருவதற்கு வெகு முன்பே ஊர் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. கூட்டிலிருந்து தவறி விழுகிற குஞ்சுகளை எடுத்து, தனியாக அடைப்பில் விட்டு, பறக்கிற வரை மீன் போட்டு வளர்ப்பது அங்கே நடைமுறை. ‘பறவை மனிதர்’ என்று அறியப்பட்ட பால்பாண்டியும் அவர் மனைவியும் இப்படிக் குஞ்சுகளை வளர்த்து விட்டதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. கீழே விழுந்த குஞ்சை என்ன செய்வது என்று கூந்தன்குளத்துப் பிள்ளைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கே கொண்டுபோவது என்பது அதற்குத் தெரியும்.

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் தெரியாது. சென்னை என்றால் வேளச்சேரியில் புளூ கிராஸ் இருக்கிறது, அடையாறில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் இருக்கிறது, கிண்டியில் வனத் துறை இருக்கிறது, 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரி உண்டு. ஆனால் மாவட்டத் தலைநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிறகு முறிந்த வைரியோடு நிற்கிற பையன் என்ன செய்வான்? உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் நன்றாகவே நடக்கும். கையளவு பறவைக்கு மயக்க மருந்து கொடுத்து எலும்பு சேர்க்க அங்கே பயிற்சியும் இல்லை, கருவியும் இல்லை. வனச்சரக அலுவலகம் ஊருக்கு வெளியே. மாவட்டத்துக்கு ஒரு பறவை வைத்தியரும், தாலுகாவுக்கு ஒரு பெட்டி வாங்கி வைக்கிற இடமும் கேட்பது பேராசையா? கோவில் யானைக்கு மருத்துவர் அனுப்புகிற அரசாங்கத்தால் முடியாதா?

அதுவரைக்கும் பெட்டியைக் கட்டி, பையனோடு யாராவது ஒரு பெரியவர் பஸ் ஏறத்தான் வேண்டும். ஜன்னலோர சீட், மடியில் பெட்டி. உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டால் மாம்பழம் என்று சொல்ல வேண்டாம். அவரும் சின்ன வயதில் ஏதோ ஒரு குஞ்சை எடுத்து, பால் ஊற்றிப் பார்த்தவராகத்தான் இருப்பார்.